புராஸ்டேட்டுக்கு ஒரு பச்சை மூடி

புராஸ்டேட்டுக்கு விற்கும் மூலிகை மருந்துகளைச் சோதித்து எழுதுவது என்பது, ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆண்கள் எல்லோரும் உங்களைத் தனியாகப் பார்க்க விரும்புகிற, ஆனால் உங்களோடு நிற்பதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிற தொழில்.

நான் இதற்குப் படித்தவன் இல்லை. நாளிதழ் ஒன்றுக்குத் தென்காசி நிருபராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கொலை, கும்பாபிஷேகம், அருவியில் குளிக்கத் தடை, தடை நீக்கம் என்று எழுதியே காலம் போனது. ஓய்வு பெற்றதும் ஊர் நுகர்வோர் சங்கம் தன் மாதப் பத்திரிகைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பக்கப் பத்திரிகை. நல்லெண்ணெய், மிக்ஸி, குடை என்று மாதம் ஒரு சரக்கை வாங்கிப் பார்த்து எழுதுவோம். ஒரு கூட்டத்தில், குற்றாலத்து மூலிகைக் கடைகளில் புராஸ்டேட் மருந்து பெருத்துவிட்டது, யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்தச் சுரப்பி வீங்கி அடிக்கடி ஒன்றுக்குப் போகிற தொந்தரவு இங்கே யாருக்கு இருக்கிறது என்று செயலாளர் கேட்டார். அறையில் பதினோரு ஆண்கள். நான் மட்டும் கை தூக்கினேன். வேலை எனக்கு வந்தது. கூட்டம் முடிவதற்குள் மற்ற பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பலரும் இந்தக் கட்டுரை முடிவதற்குள் ஒருதரம் எழுந்து போக வேண்டியவர்கள்தான். கூச்சப்பட வேண்டாம். போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

பாவூர்சத்திரமா, ஆலங்குளமா

சனிக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வரும் சிறுநீரக டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். தொந்தரவு எவ்வளவு, மருந்தால் எவ்வளவு குறைந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். முப்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன். நான்கு திரும்பி வந்தன. இரண்டில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. ஒன்றில் பெயர் மட்டும். நான்காவதில் பெயரைத் தவிர எல்லாம்.

ஆனால் இதே ஆட்கள் டீக்கடையில் வேறொரு அளவு வைத்திருந்தார்கள். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் எதுவரை தாங்கும் என்பதுதான் அது. முதல் நிறுத்தத்திலேயே இறங்கி ஓடுகிறவர் பாவூர்சத்திரம் பார்ட்டி. அதற்கு அடுத்தது ஆலங்குளம். திருநெல்வேலி ஜங்ஷன் வரை அசையாமல் போகிறவர் இளைஞர், இல்லையென்றால் பொய் சொல்கிறவர். மருந்துகளுக்கும் இதே மதிப்பெண்தான். ஒரு லேகியம் ஆளைப் பாவூர்சத்திரத்திலிருந்து ஆலங்குளத்துக்குக் கொண்டுபோனால் அது நல்ல லேகியம். நான் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்ததையும் இறங்கின ஊரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் நோட்டை எட்டிப் பார்த்த கண்டக்டர் ஒருவர் சொன்னார்:

"ஆலங்குளத்துல பஸ் ரெண்டு நிமிஷம் நிக்கி. அத அஞ்சு நிமிஷமாக்கச் சொல்லி எழுதுங்க அண்ணாச்சி, லேகியமே வேண்டாம்."

பச்சை மூடி

பன்னிரண்டு சரக்கு வாங்கினேன். முதலில் லேபிளை மட்டும் பார்ப்பது என்று முடிவு. உரிம எண், காலாவதித் தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல், மூன்றும் வேண்டும். ஒன்றில் காலாவதி என்ற இடத்தில் 'கெடாது' என்று அச்சிட்டிருந்தார்கள். இன்னொன்றில் உரிம எண் பத்து இலக்கமாக இருந்தது. சந்தேகப்பட்டுப் போன் போட்டேன். கடைக்காரர் எடுத்தார். மூன்றும் ஒழுங்காக இருந்தது ஒரே ஒரு பாட்டிலில்.

அதன் பெயரைப் போட்டால் மற்ற பதினோரு பேரும் கேஸ் போடுவார்கள் என்று சங்கத்து வக்கீல் தடுத்துவிட்டார். அந்தப் பாட்டிலுக்குப் பச்சை மூடி. ஆகவே, 'பச்சை மூடி போட்டது பரவாயில்லை' என்று எழுதினேன். லேபிள் பரவாயில்லை என்பதுதான் நான் சொன்னது. அடுத்த மாதம் குற்றாலம் போனேன். பேரருவிக்குப் போகிற வழி நெடுக எல்லாப் பாட்டிலுக்கும் பச்சை மூடி. தேன், தலைவலித் தைலம், எறும்புப் பொடி எதுவும் மிச்சமில்லை. இது என்ன நியாயம் என்று ஒரு கடைக்காரரைக் கேட்டேன். அவர் வருத்தத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சங்கத்துல பச்சைன்னு சொல்லிட்டாங்க சார். நாங்க சட்டத்த மதிக்கிறவங்க."

எட்டு

செல்லத்துரை அண்ணாச்சி தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற இரண்டு பேரில் ஒருவர். மற்றவர் அச்சுப்பிழை பார்க்கிறவர். ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரத்துக்கு இறங்கிவிட்டார் என்று தெரிந்து, நான்தான் அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் போர்டைப் பார்த்து, பெண் பெயர் என்றதும் எங்கள் கண் முன்னால் மூன்று பேர் திரும்பிப் போனார்கள். நாலாவதாகத் திரும்பின இவரைச் சட்டையைப் பிடித்து உள்ளே விட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்கிற எண் எட்டு என்று வந்தது. பொதுவாக நாலுக்குள் இருக்க வேண்டும். சும்மா வீக்கமாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்து, சதைத் துணுக்கை எடுத்துப் பயாப்சி பார்த்தால்தான் தெரியும், தள்ளிப் போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி தலையாட்டினார். வெளியே வந்தார். நேரே குற்றாலம் போய்ப் பேரருவிப் பக்கம் ஒரு கடையில் பச்சை மூடி கேப்சூல் ஆறு மாதத்துக்கு வாங்கி வந்தார். வீட்டில் கேட்டதற்குச் சுகர் மாத்திரை என்று சொல்லிவிட்டார். நான் ஓடிப்போய், நாங்கள் எழுதின பச்சை மூடி வேறு, இது வேறு என்றேன். அவர் பாட்டிலைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பச்சைன்னு எழுதினது நீரு. இப்போ எந்தப் பச்சைன்னு கேட்டா நான் எங்கன வே போவேன்?"

தண்ணீர் விரதம்

முருகையா ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். வாசுதேவநல்லூர்க்காரர், இப்போது என் தெருவில் இருக்கிறார். தன் கீழ் வேலை பார்த்த ஏட்டு ஒருவர் கிண்டித் தருகிற நெருஞ்சில் லேகியத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அவருடைய சோதனைக்கு நானும் கூடவே பஸ்ஸில் போனேன். காலை பத்து மணி வண்டி. பாவூர்சத்திரம் போனது. ஆலங்குளம் போனது. சீதபற்பநல்லூர் போனது. மனிதர் நேர் பார்வையோடு அணிவகுப்பில் நிற்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஜங்ஷன் வந்தது. இதுவரை எந்த மருந்தும் செய்யாத சாதனை. நோட்டில் பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினால், அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லையாம். காபியும் இல்லை. இரண்டு சோடா வாங்கிக் கொடுத்துத் திரும்ப ஏற்றினேன். வருகிற வழியில் வண்டி நின்ற ஊரெல்லாம் இறங்கினார். வண்டி நிற்காத இரண்டு ஊரிலும் இறங்கினார். பிறகு விசாரித்தால், என் நோட்டில் ஆலங்குளம் தாண்டினவர்கள் பாதிப் பேர் இதே விரதம்தான். பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. இப்படியா சோதனை செய்வது என்று முருகையாவிடம் கேட்டேன்.

"ஏட்டு கிண்டின மருந்து பாவூர்சத்திரத்துல சரண்டர் ஆயிட்டுன்னு நீரு பத்திரிகைல போட்டா, டிபார்ட்மெண்ட் மானம் என்னத்துக்கு வே ஆகும்?"

அமெரிக்கப் பனை

கடையநல்லூர் காதர் பாய் இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். மகன் துபாயிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பியிருந்தான். மேலே குட்டையாக ஒரு பனை மரத்தின் படம். அமெரிக்காவில் வளர்கிற ஒரு பனையின் பழச்சாறு அது. டாக்டரம்மாவிடம் காட்டியபோது, உலகத்திலேயே அதிகம் விற்கிற புராஸ்டேட் மூலிகை இதுதான், சோதித்துப் பார்த்ததில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நிற்கவில்லை என்றார். பாய்க்கு அதைவிடப் பெரிய கவலை பாட்டில் தீர்ந்துகொண்டிருந்ததுதான். குற்றாலத்தில் கிடைக்குமா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு கடைக்காரர் செண்பகா அருவிக்கு மேலே அமாவாசை அன்று பறித்து வருவதாகச் சொன்னார். அந்த மரம் அமெரிக்காவில் அல்லவா இருக்கிறது என்றேன். அங்கே போனதே இங்கேயிருந்துதான் என்றார். அடுத்த கடைக்காரர் நேர்மையானவர். படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, பனைதானே, நம்ம ஊரில் இல்லாத பனையா என்று கேட்டு, இரண்டே நாளில் லேகியம் கிண்டிக் கொடுத்துவிட்டார். கருப்பட்டியும் பனங்கிழங்கு மாவும். பாய்க்குச் சர்க்கரை நோய் வேறு உண்டு. ஒரு வாரம் தின்றதில் கடையநல்லூர் எல்லையைத் தாண்ட முடியாமல் ஆகிவிட்டார். எப்படி மதிப்பெண் போடட்டும் என்று போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணுக்குப் போறது கூடிப்போச்சு. ஆனா கட்டஞ்சாயாவுல போட்டுக் குடிக்க நல்லாருக்கு அண்ணாச்சி."

பாதி

ஆறு மாதம் கழித்துச் செல்லத்துரை அண்ணாச்சி, டாக்டரம்மாவிடம் போகாமல் தானாகவே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். எட்டாக இருந்த எண் நாலு. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, கடையில் சிமெண்ட் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். பஸ்ஸிலும் ஆலங்குளம் தாண்டினார், அதுவும் தண்ணீர் குடித்துவிட்டு. போதாததற்கு, பதினைந்து வருஷமாக வழுக்கையாக இருந்த முன்மண்டையில் பூனை முடி முளைத்திருந்தது. வந்தவர்களை எல்லாம் தடவிப் பார்க்கச் சொன்னார். கேப்சூல் விற்ற கடைக்காரர் அந்த ரிப்போர்ட்டைப் பிளெக்ஸ் போர்டாக அடித்துவிட்டார்.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சாலை மறியல் செய்தியில் ஆட்கள் எண்ணிக்கையை மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்க்கிற நான், எதையும் சரிபார்க்காமல் முதல் பக்கத்துக்குத் தலைப்பு எழுதினேன்: 'எட்டை நாலாக்கிய கேப்சூல்'. பயாப்சி வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார் என்பதையும் வெற்றிச் செய்தி மாதிரி நாலாவது பத்தியில் சேர்த்திருந்தேன். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், ஒரு வரி கருத்து வாங்குவதற்காக மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முழுதும் வாசித்தார். அண்ணாச்சி தலையில் புதிதாக முடி முளைத்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். முடியைப் பற்றி நான் எழுதவே இல்லை.

"மூலிகையில இப்படி நடக்காது சார். இங்கிலீஷ் மாத்திரை ஒண்ணுல நடக்கும். பாட்டில லேபுக்கு அனுப்புங்க, தலைப்ப நிறுத்தி வைங்க."

லேப் சொன்னது

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நெருஞ்சில் பொடி கொஞ்சம், சுண்ணாம்புத் தூள் கொஞ்சம், மிச்சம் டாக்டரம்மா சொன்ன அதே இங்கிலீஷ் மாத்திரை இடித்த தூள். புராஸ்டேட் வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து. வீக்கத்தைக் குறைக்கும், முடியை வளர்க்கும். கூடவே பி.எஸ்.ஏ. எண்ணையும் பாதியாக இறக்கிக் காட்டும், உள்ளே புற்றுநோய் இருந்தாலும்கூட. டாக்டர் எழுதிக் கொடுத்துத் தின்றால் அவர் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். மூலிகை என்று நினைத்துத் தின்கிறவருக்காகப் பெருக்க ஆளில்லை. அதாவது அண்ணாச்சியின் நாலு நாலே இல்லை. அது பழைய எட்டுதான், ஆறு மாதம் தாமதமாக.

அதிகாரிகளுக்கு எழுதினோம். கடை ஒன்பது நாள் அடைத்திருந்தது. பத்தாம் நாள் வேறு பெயரில் திறந்தது. போலீஸ்காரருக்காவது கோபம் வரும் என்று முருகையாவிடம் லேப் தாளைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். முகம் தெளிந்தது.

"இங்கிலீஷ் மருந்து கலந்திருக்கா? அப்போ நம்பி வாங்கலாம்னு சொல்லும்."

இரண்டால் பெருக்கல்

செல்லத்துரை அண்ணாச்சியிடம் சொல்ல, லேப் முடிவு வந்த அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார், தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எட்டு என்று சொன்னதும் அந்த லேப்தான், நாலு என்று சொன்னதும் அந்த லேப்தான், நாலைப் பெருக்கச் சொல்ல நீர் யார் என்று கேட்டார். உம்ம தராசுத் தட்டுக்கு அடியில் எவனாவது காந்தத்தை ஒட்டி வைத்தால் முள் காட்டுகிறதை நம்புவீரா என்றேன். என் தராசைப் பற்றிப் பேசாதேயும் என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம் வருகிறது, முடி வளர்கிறது, இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஊசி குத்திக்கொள்ள நான் என்ன கிறுக்கனா என்று கேட்டார். அந்தப் பாட்டிலை அவர் கையில் கொடுத்ததே என் எழுத்துதான்.

சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி ஜெயமணி பின்பக்கத்து வாசலில் நின்றதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அந்த லேமினேட் தாளை அவரும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆங்கிலத்தில் இருந்தது, சுகர் ரிப்போர்ட் என்று கணவர் சொல்லியிருந்தார். இப்போது அவரிடம் கேட்காமல் என்னிடம், பி.எஸ்.ஏ. என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். கேரியரைப் பெயிண்ட் டப்பா மேல் வைத்தார். தாளை ஆணியிலிருந்து கழற்றினார்.

"ஆணி வாங்க வந்தவன் பூரா இதப் படிச்சிட்டுப் போயிருக்கான். கட்டினவளுக்கு மட்டும் சுகரு. கடைய அடைங்க, டாக்டரம்மாட்ட போவோம்."

திருத்தம்

பயாப்சியில் புற்றுநோய் என்றுதான் வந்தது. சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று அண்ணாச்சிக்குத் தைரியம் சொன்ன டாக்டரம்மா, இந்த ஆறு மாதம் தப்பினது அவர் அதிர்ஷ்டம் சார், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எழுதிவிடாதீர்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஜெயமணி சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் டாக்டரம்மா வாசலில் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆண்கள் குறைந்துவிட்டார்கள். பின்னால் மனைவி நிற்கும்போது திரும்ப இடமில்லை.

பச்சை மூடி என்று எழுதியது எங்கள் தவறு, அதை நம்பி யாரும் எதையும் வாங்க வேண்டாம், அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று முதல் பக்கத்தில் திருத்தம் போட்டேன். தவறை அச்சிட்ட அதே எழுத்து அளவில். நாளிதழில் இருந்த காலத்தில் இதை ஒருநாளும் செய்ததில்லை. முதல் பிரதியை அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். படுக்கையில் சாய்ந்தபடி வாசித்துவிட்டு, நீராவது பெரிய எழுத்தில் ஒத்துக்கொண்டீர் என்றார். அவரைப் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகையா பத்திரிகையை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை என்னோடு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எல்லாம் சரி வே. ஆனா அந்தக் கேப்சூலத் தின்னதுனாலதான் இவருக்கு இத்தோட போச்சின்னு நெனைக்கேன். இப்போ என்ன பேருல விக்கான்னு மட்டும் சொல்லும்."

இந்தத் தொழிலில் துளிக் கலப்படமும் இல்லாமல் நான் பார்த்த ஒரே சரக்கு, வாங்குகிறவரின் நம்பிக்கைதான்.